தண்ணிக்குள்ள ரெண்டு படி: ஒரு ஏணியின் கதை

ராஜாக்கள், போர்கள், கல்வெட்டுகள் பத்தி எழுத நம்ம பதிவுலகத்துல ஏற்கனவே நிறைய ஜாம்பவான்கள் இருக்காங்க. அவங்க ஏரியாவுக்குள்ள போய் நான் அடிவாங்கத் தயாரா இல்லை. அதனால இந்தப் பதிவு ஒரு சாதாரண ஏணியைப் பத்தினது. சின்ன பாய்மரப் படகோட பின்னால மடிச்சு வச்சிருப்பாங்களே, கடல்ல குளிச்சிட்டு ஏறி வர்றதுக்கு, அந்த ஏணி. "இதுக்கெல்லாமாய்யா வரலாறு?"ன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் வாங்க. இந்த நாலு படிக்குப் பின்னால நிறைய உயிர் போயிருக்கு.

முதல்ல பிரச்சனை என்னன்னு பார்த்துடுவோம். படகுல இருந்து தண்ணியில குதிக்கிறது ரொம்ப சுலபம். திரும்ப ஏறுறது?

தண்ணி மட்டத்துல இருந்து படகோட மேல்விளிம்பு வரைக்கும் இருக்கிற உயரத்துக்கு ஃப்ரீபோர்டுன்னு பேரு. 25, 30 அடி நீளமுள்ள பாய்மரப் படகுல இது சுமாரா 3 அடி இருக்கும். மூணு அடிதானேன்னு தோணும். தரையில நிக்கிறப்போ மூணு அடிச் சுவரைத் தாண்டுறது வேற. தண்ணிக்குள்ள உங்க காலுக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது. எம்பிக் குதிக்க முடியாது. கையை மட்டும் வச்சு மொத்த உடம்பையும் தூக்கணும். தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் உடம்பு லேசாத்தான் தெரியும், ஏன்னா தண்ணி தாங்கிக்குது. மேல வர வர அந்தத் தாங்கல் போயிடும். கூடவே துணி குடிச்சு வச்சிருக்கிற தண்ணியோட எடையும் சேர்ந்துக்கும். இன்னொரு கொடுமை, விளிம்பைப் பிடிச்சு இழுக்கும்போது உங்க கால் ரெண்டும் படகோட அடிவயித்துப் பக்கம் நீந்திப் போயிடும். அப்புறம் நீங்க தொங்கிக்கிட்டுதான் இருக்கணும், ஏற முடியாது. ஜிம்முக்குப் போற ஆளே திணறுவாரு. என்னை மாதிரி நாள் முழுக்க பொட்டி தட்டுற ஆளுக்கு சான்ஸே இல்லை :-)

2006-ல் வந்த 'ஓபன் வாட்டர் 2: அட்ரிஃப்ட்' படத்தை சிலர் பார்த்திருப்பீங்க. நண்பர்கள் சொகுசுப் படகுல நடுக்கடலுக்குப் போறாங்க, குதிச்சு ஆட்டம் போடுறாங்க, அப்புறம்தான் ஏணியை இறக்கி வைக்கலைன்னு தெரியுது. படகு பக்கத்துலயே, கைக்கு எட்டுற தூரத்துல மிதக்குது. ஏற முடியலை. அவ்வளவுதான் கதை. உண்மைச் சம்பவம்னு விளம்பரம் பண்ணினாங்க. ஆனா அடிப்படை 'ரிங்' எழுதின ஜப்பானிய எழுத்தாளர் கோஜி சுசுகியோட ஒரு சிறுகதை. கதையா இருந்தாலும் அதுல வர்ற இயற்பியல் கற்பனை இல்லை.

சரி, பின்னோக்கிப் போவோம். கப்பல்ல ஏணி எப்போதுமே இருந்திருக்கு. பாய்மரப் போர்க்கப்பல்களோட பக்கச் சுவர்ல மரக்கட்டைகளைப் படி மாதிரி வரிசையா அடிச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் பிடிச்சுக்க கயிறு. இது போக நூலேணியும் உண்டு. ஆங்கிலத்துல இதுக்கு 'ஜேக்கப்ஸ் லேடர்'னு பேரு, பைபிள்ல யாக்கோபு கனவுல பார்த்த, வானத்துக்குப் போற ஏணியோட பேர். கீழ அலையில ஆடுற சின்னப் படகுல இருந்து மேல பார்க்கிறவனுக்கு வானம் வரைக்கும் போற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்கணும். இந்த ஏணிகள் எல்லாமே இன்னொரு படகுல வந்து சேர்றவங்களுக்காக வச்சது. அதிகாரி வருவாரு, சரக்கு வரும், துறைமுக வழிகாட்டியான பைலட் வருவாரு. அதனால ஏணி தண்ணி மட்டத்தோட முடிஞ்சிடும். தண்ணிக்குள்ள இருந்து ஒருத்தன் ஏறி வருவான்னு யாரும் யோசிச்சு டிசைன் பண்ணலை. அந்தக் காலத்து மாலுமிகள்ல நிறைய பேருக்கு நீச்சலே தெரியாது. கடல்ல விழுந்தவன் போனவன்தான். கனமான பாய்மரக் கப்பலைத் திருப்பிக் கொண்டு வர்றதுக்குள்ள அவன் தலை அலைக்குள்ள மறைஞ்சிடும்.

நீச்சல் தெரியாத மாலுமின்னதும் ஞாபகத்துக்கு வர்றவர் ஜோஷுவா ஸ்லோகம். உலகத்தை முதன்முதலா தனியாளா பாய்மரப் படகுல சுத்தி வந்தவர். 1895 ஏப்ரல்ல பாஸ்டன்ல இருந்து கிளம்பி 1898 ஜூன்ல நியூபோர்ட்ல வந்து முடிச்சாரு. 46,000 மைல். 'ஸ்ப்ரே'ங்கற அவரோட படகு 37 அடிக்குக் கொஞ்சம் கம்மி. அவருக்கு நீச்சல் தெரியாது! 1895 கடைசியில உருகுவே கரையோரம் ஸ்ப்ரே தரைதட்டிடுச்சு. நங்கூரத்தை ஒரு குட்டிப் படகுல ஏத்திக்கிட்டு ஆழத்துக்குப் போய் போடப் போனாரு. பாரம் தாங்காம குட்டிப் படகு தண்ணியில நிறைஞ்சு கவுந்துடுச்சு. நிமிர்த்தி ஏறப் பார்த்தா திரும்பவும் கவுருது. நிமிர்த்துறாரு, கவுருது. கடைசியில ஒருவழியா நிமிர்த்தி, ஏறி, கரை சேர்ந்தாரு. 1900-ல் வந்த அவரோட புத்தகத்துல இதை நகைச்சுவையாத்தான் சொல்றாரு. ஆனா உலகம் சுத்தின கதை ஆரம்பத்துலயே, ஒரு குட்டிப் படகுல ஏற முடியாததால முடிஞ்சிருக்க வேண்டியது. 1909-ல் தனியா கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. என்ன ஆச்சுன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்துல நம்ம ஊர் கட்டுமரத்தை சொல்லாம போக முடியாது. 'கேட்டமரான்'ங்கற வார்த்தையே நம்மகிட்ட இருந்து போனதுன்னு எல்லாருக்கும் தெரியும். வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்துல சோழமண்டலக் கரையில அப்படிச் சொல்றாங்கன்னு எழுதியிருக்காரு. கட்டுமரத்துக்கு ஏணி தேவையே இல்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டினது, அவ்வளவுதான். சுவர் கிடையாது, ஃப்ரீபோர்டு கிட்டத்தட்ட பூஜ்யம். அலை அடிச்சா தண்ணி மேல ஏறி இடுக்கு வழியா இறங்கிடும். ஆள் விழுந்தா மரத்தைப் பிடிச்சு, நெஞ்சைப் போட்டு, உருண்டு ஏறிடலாம். விழுறதும் ஏறுறதும் வேலையோட ஒரு பகுதி. எந்தத் தரநிர்ணயக் கமிட்டியும் உட்கார்ந்து யோசிக்காம, அலையை உடைச்சுக்கிட்டுப் போற அவசியத்துல வந்த டிசைன் இது.

அப்ப பிரச்சனை எங்கே வருதுன்னா நடுவுல. ரொம்பச் சின்னப் படகுல விளிம்பு தாழ்வா இருக்கும், தாவிடலாம். பெரிய கப்பல்ல தூக்கிவிட ஆள் இருக்கு, கிரேன் இருக்கு. இந்த 20 அடிக்கு மேல, 35 அடிக்குள்ள இருக்கிற குடும்பப் படகு இருக்கே, அதுதான் ரெண்டுங்கெட்டான். தாவ முடியாத உயரம், தூக்கிவிட ஆளும் கிடையாது. பெரும்பாலும் புருஷன், பொண்டாட்டி ரெண்டே பேர். சில சமயம் ஒரே ஆள்.

இந்தக் குடும்பப் படகுகள் பெருகினதுக்குக் காரணம் ஃபைபர்கிளாஸ். 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில பியர்சன் கம்பெனி 'ட்ரைட்டன்'னு 28 அடிப் படகைக் கொண்டு வந்தது. கார்ல் ஆல்பர்க் டிசைன். அச்சுல வார்த்து எடுத்து, நடுத்தரக் குடும்பம் வாங்குற மாதிரி வந்த ஆரம்பகாலப் படகுகள்ல முக்கியமானது. அதுக்கு அப்புறம் 60கள், 70கள் முழுக்க அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் ஃபைபர்கிளாஸ் படகு மழைதான். மரப்படகு பராமரிப்பு தெரிஞ்சவங்க மட்டும் போயிட்டிருந்த கடலுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் பசங்களோட குளிக்கப் போறவங்க வந்தாங்க. ஆனா படகோட பக்கம் வழவழன்னு கண்ணாடி மாதிரி. பிடிக்க ஒரு ஆணி கூட கிடையாது. குளிக்கிறதுக்கு ஏணி வேணும்னா விளிம்புல கொக்கி போட்டு மாட்டுற ஒரு ஏணியைத் தனியா வாங்கி, உள்ளே பெட்டியில வச்சுக்கலாம்.

கொக்கி ஏணி உல்லாசத்துக்கு ஓகே. தவறி விழுந்தவனுக்கு? ஏணி பெட்டிக்குள்ள, பெட்டி படகுக்குள்ள, ஆள் தண்ணிக்குள்ள. நம்ம பாஷையில சொன்னா, சர்வர் விழுந்தா எப்படி எழுப்புறதுங்கற குறிப்பை அதே சர்வர்லயே சேமிச்சு வச்ச மாதிரி.

விழுந்தா என்ன ஆகும்னு கடல் தொடர்ந்து பாடம் நடத்திக்கிட்டே இருந்தது. 1979 ஆகஸ்ட், ஃபாஸ்ட்நெட் பந்தயம். 303 படகுகள் கிளம்பின, புயல்ல மாட்டிக்கிச்சு. போட்டியாளர்கள் 15 பேர் செத்துப் போனாங்க. மாலுமிகள் கைவிட்டுட்டு இறங்கின படகுகள் 24. அதுல மூழ்கினது வெறும் 5. மிச்சம் 19 படகு மிதந்துக்கிட்டேதான் இருந்தது! படகுதான் பாதுகாப்பு, அதைவிட்டு வெளியே போறதுதான் ஆபத்துன்னு அன்னிக்கு உறைச்சது.

1983 மார்ச்ல ராப் ஜேம்ஸ். தேர்ந்த பிரிட்டிஷ் மாலுமி, ஹார்ன் முனை வழியா தனியா உலகம் சுத்தின முதல் பெண்மணி நவோமி ஜேம்ஸோட கணவர். இங்கிலாந்துல சால்கோம் பக்கத்துல, தன்னோட ட்ரைமரான்ல இருந்து குளிர்ந்த தண்ணியில விழுந்துட்டாரு. கூட்டாளிகள் பக்கத்துலயே இருந்தும் காப்பாத்த முடியலை. 1998 ஜூன்ல எரிக் தபார்லி, ஃபிரான்ஸோட தேசிய நாயகன், 1964-லயும் 1976-லயும் அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தை ஜெயிச்சவர். வேல்ஸ் பக்கம் ராத்திரியில தன்னோட 'பென் துயிக்' படகுல இருந்து விழுந்தாரு. சுமார் ஒரு மாசம் கழிச்சு ஒரு மீன்பிடிப் படகோட வலையில உடம்பு கிடைச்சது. ஏணி இருந்திருந்தா இவங்க ரெண்டு பேரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை. அனுபவம் இருந்தா விழ மாட்டோம்ங்கற நினைப்பு தப்புன்னுதான் சொல்றேன்.

குளிர் எவ்வளவு வேகமா வேலை பார்க்கும்னு கனடாவோட மனிடோபா பல்கலைக்கழகத்துல கோர்டன் கீஸ்பிரெக்ட் ஆராய்ஞ்சு, '1-10-1'னு ஒரு எளிய கணக்கு சொல்றாரு. கடும் குளிர் தண்ணியில விழுந்தா முதல் 1 நிமிஷம் மூச்சுத் திணறல், அதைக் கட்டுப்படுத்தணும். அடுத்த 10 நிமிஷம்தான் கை, கால் சொன்ன பேச்சு கேக்கும். சுமார் 1 மணி நேரத்துல நினைவு தப்பும். அந்த நடுவுல இருக்கிற 10 நிமிஷத்தைப் பாருங்க. உயிர் இருக்கும், ஆனா விரல் மடங்காது. ஏணி எதுக்காவது உதவணும்னா அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ளதான்.

அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கிற செய்லிங் ஃபவுண்டேஷன் இந்த ரெண்டு பேர் மட்டும் போற படகுப் பிரச்சனையை எடுத்துக்கிட்டு 'லைஃப்ஸ்லிங்'னு ஒண்ணைக் கொண்டு வந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு மிதவை, நீளமான கயிறு. படகை வட்டமா ஓட்டினா கயிறு விழுந்தவர்கிட்ட தானா போயிடும். அவர் மாட்டிக்கிட்டா, கப்பி வச்சு மேல தூக்கலாம். புருஷன் விழுந்து, அவரை விட எடை குறைஞ்ச மனைவி மட்டும் மேல இருந்தாலும் தூக்க முடியணும்ங்கறதுதான் யோசனை. அருமையான கண்டுபிடிப்பு. ஆனா மேல ஒருத்தர் இருக்கணும். தனியாளுக்கு?

இப்பதான் சட்டம் உள்ளே வருது. 1994-ல் ஐரோப்பிய யூனியன் உல்லாசப் படகுகளுக்கான 94/25 உத்தரவைப் போட்டது. அதுல சொன்னது, படகை வடிவமைக்கும்போது ஆள் விழுற ஆபத்தைக் குறைக்கணும், திரும்ப ஏறுறதை சுலபமாக்கணும்கிறதுதான். 2003-ல் ஐஎஸ்ஓ 15085ங்கற தரநிர்ணயம் வந்தது. பிறகு 2013-ல் பழைய உத்தரவுக்குப் பதிலா 2013/53 வந்து, 2016 ஜனவரியில இருந்து நடைமுறைக்கு வந்தது. அதுல புதுசா ஒரு வரி சேர்ந்தது. திரும்ப ஏறுறதுக்கான வசதி, தண்ணிக்குள்ள இருக்கிற ஆள் வேறு யாரோட உதவியும் இல்லாம எட்டுற மாதிரியோ இறக்கிக்கிற மாதிரியோ இருக்கணும்.

"உதவியில்லாம." இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவே. முதல் உத்தரவு ஏணியை மேல இருந்து பார்த்து எழுதினது. ரெண்டாவது, தண்ணிக்குள்ள இருந்து அண்ணாந்து பார்த்து எழுதினது. ரெண்டுக்கும் நடுவுல 19 வருஷம். பயனாளர் எங்கே இருந்து பொத்தானை அமுக்குவான்னு யோசிக்காம மென்பொருள் எழுதுற எங்க கூட்டத்துக்கும் இதுல பாடம் இருக்கு.

அமெரிக்காவுல 1954-ல் ஆரம்பிச்ச ஏபிஒய்சிங்கற படகுத் தர அமைப்பு இன்னொரு முக்கியமான அளவு சொல்லுது. ஏணியோட கடைசிப் படி தண்ணி மட்டத்துக்கு 22 அங்குலமாவது கீழ இருக்கணும். பழைய கப்பல் ஏணி தண்ணி மட்டத்தோட முடிஞ்சதுன்னு சொன்னேன் இல்லையா? வித்தியாசம் இங்கேதான். கடைசிப் படி தண்ணி மட்டத்துலயே இருந்தா, மிதக்கிற ஆள் காலை நெஞ்சு வரைக்கும் தூக்கி வைக்கணும். யோகா மாஸ்டருக்கு ஓகே. தண்ணிக்குள்ள ரெண்டு படி இருந்தா சாதாரணமா கால் வச்சு, தொடை பலத்துல ஏறி வரலாம். கையால தூக்க வேண்டியதை காலுக்கு மாத்திடுறோம்.

நூலேணி ஏன் சரிப்படாதுன்னும் சொல்லிடுறேன். மிதிச்சதும் அது படகுக்கு அடியில போயிடும், ஆள் மல்லாக்கத் தொங்குவான். பெரிய கப்பல்ல பைலட் ஏறுற கயிற்று ஏணிக்கே இந்த முறுக்குற வியாதி உண்டு. அதனாலதான் சோலாஸ் விதிப்படி அதுல நடுநடுவுல 1.8 மீட்டர் நீளத்துல குறுக்குப் படி வைக்கிறாங்க, கீழ இருந்து அஞ்சாவது படியில ஆரம்பிச்சு. ஏறுற உயரம் 9 மீட்டருக்கு மேல போனா, வெறும் கயிற்று ஏணி மட்டும் கூடாது, சாய்வுப் படிக்கட்டும் சேர்த்து வைக்கணும்.

80கள்ல இருந்து வந்த நிறைய பயணப் படகுகள்ல பின்பக்கத்தையே படிக்கட்டா இறக்கி வார்த்துட்டாங்க. சர்க்கரை அள்ளுற கரண்டி மாதிரி இருக்கிறதால 'சுகர் ஸ்கூப்'னு பேரு. இன்னிக்கு வர்ற கேட்டமரான்கள்ல ரெண்டு உடம்போட பின்னாலயும் இந்தப் படி உண்டு. பேரை நம்மகிட்ட வாங்கினவங்க, தண்ணி மட்டத்துக்கு இறங்கி வர்ற குணத்தையும் லேட்டா வாங்கிக்கிட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன் :-)

ஆனா சட்டம் புதுப் படகுக்குத்தான். ஃபைபர்கிளாஸுக்கு ஒரு குணம், லேசுல சாகாது. 60, 70கள்ல வார்த்த படகுகள் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, கை மாறிக் கை மாறி, கம்மி விலையில, புதுசா பழகுறவங்க கைக்கு வருது. அதுக்கெல்லாம் ஏணியை உரிமையாளரே ட்ரில்லைத் தூக்கிக்கிட்டு வந்து மாட்டணும். அந்த வேலையோட ஒவ்வொரு விதிக்கும் பின்னால மேல சொன்ன வரலாறு இருக்கு:

1. இடம், டிரான்சம்னு சொல்ற பின்சுவர். சுக்கானுக்கும் மோட்டாருக்கும் இடிக்காம ஒரு ஓரமா. பக்கவாட்டுல மாட்டினா படகு ஆடும்போது ஏணி அடிச்சுக்கும். பின்சுவர்லயும் மோட்டார் ஓடுறப்போ யாரும் கிட்ட வரக் கூடாது.

2. மடிப்பு ஏணி. விரிச்சா குறைஞ்சது ரெண்டு படி தண்ணிக்குள்ள போகணும். வெறும் குழாய்ப் படி வெறுங்காலை அறுக்கும், தட்டையான படி நல்லது.

3. மரை ஆணியை வெறுமனே திருகி விடக் கூடாது. போல்ட்டை முழுசா ஊடுருவ விட்டு, உள்பக்கம் ஒரு தகடு வச்சு முறுக்கணும். ஈரத்துணியோட ஒரு ஆள் ஆடிக்கிட்டே ஏறும்போது மொத்த இழுவையும் அந்த நாலு போல்ட்டுக்குத்தான்.

4. பின்சுவருக்குள்ள பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வச்சு வார்த்திருந்தா, ஓட்டையைப் பெருசா போட்டு, எபாக்சி ஊத்தி இறுக விட்டு, அதுக்குள்ள திரும்ப சரியான அளவுல துளைக்கணும். இல்லாட்டி தண்ணி உள்ளே கசிஞ்சு மரம் ஊறிப் போகும். உயிரைக் காப்பாத்த மாட்டின ஏணி படகைக் கொன்னுடும்.

5. கடைசியா, ரொம்ப முக்கியமா, ஒரு கயிறு. மடிச்ச ஏணியோட நுனியில கட்டி, தண்ணியில இருக்கிறவன் கைக்கு எட்டுற மாதிரி தொங்க விடணும். இழுத்தா ஏணி விழணும். 2013-ல் வந்த அந்த ஒரு வார்த்தை இந்த ஒரு முழக் கயிறுதான்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் உல்லாசப் படகு விபத்துக் கணக்கு வெளியிடுது. செத்தவங்கள்ல சுமார் முக்கால்வாசிப் பேர் மூழ்கினவங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க உயிர்காப்பு மேலங்கி போடலை. ஏணி மேலங்கிக்கு மாற்று இல்லை, இடுப்புல கட்டுற கயிறுக்கும் மாற்று இல்லை. அதெல்லாம் தோத்த பிறகு மிச்சம் இருக்கிற கடைசி வாய்ப்பு.

படகு வச்சிருக்கிற, இல்லை படகுக்காரங்களோட சுத்துற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கரையோரமா, அமைதியான தண்ணியில, மேல ஒருத்தரை நிக்க வச்சிட்டு, நீங்க இறங்கி அந்தக் கயிறை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. ஏணி விழுதா, முதல் படி காலுக்குக் கிடைக்குதா? கிடைக்கலைன்னா அன்னிக்கே சரி பண்ணிடுங்க.

டிஸ்கி: கட்டுமரத்துல போய் வந்த அனுபவம் உள்ள கடலோர ஊர் நண்பர்கள், விழுந்தா ஏறுற முறையைப் பின்னூட்டத்துல கண்டிப்பா எழுதுங்க. நான் சொன்னதை விட உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும்.